முகவரி: மாவோரி மக்களின் முகப்பொறிக் கலை

எழுத்து என்றவுடன் நம் நினைவிற்கு வருவன ஏடும் எழுத்தாணியும், கல்லும் உளியும், செம்பும் பொறியுமே. புகழ் வேண்டிய மன்னர் கல்லில் வெட்டுவித்தனர். உரிமை வேண்டியோர் செப்பேட்டிற் பொறிப்பித்தனர். கல்வி வேண்டியோர் பனையோலையிற் கீறினர். ஆயின், தம் குலத்தையும் குடியையும், பிறப்பையும் பெருமையையும் தம் முகத்திலேயே எழுதிக்கொண்ட மக்கள் கூட்டம் ஒன்று தென்பசிபிக் கடலிடத்து உண்டு. அவர்தாம் நியூஸிலாந்து நாட்டுத் தொல்குடியினராகிய மாவோரி மக்கள். அவர்தம் பொறிக்கு 'மோக்கோ' என்பது பெயர். அதனைப் பொறிக்கும் கலைஞன் செய்வது யாது, அவன் இழுக்கும் வரிகள் தரும் பொருள் யாது, அப்பொருள் எவ்விடத்து நிற்கின்றது, எவ்விடத்து அழிகின்றது என்பவற்றை யாம் கற்றறிந்த அளவில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1. சொல்லும் பொருளும்

உடலில் அழியாக் கோலம் எழுதுதல் நம் நாட்டிற்கும் புதிதன்று. ஊசியாற் குத்திக் கரியேற்றுங்கால், அக்கரி தோலின் கீழ்ப் பசுமை கலந்த நீலமாகத் தோன்றும். ஆதலின் நம்மவர் நிறம்பற்றி அதனைப் 'பச்சை குத்துதல்' என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் 'டாட்டூ' என்னும் சொல்லோ, 'தத்தாவு' என்னும் தாகித்தித் தீவின் சொல்லினின்று வந்தது. அடித்தல், குறியிடுதல் என்பன அதன் பொருள். 1769-ஆம் ஆண்டு தளபதி குக் என்பாரோடு அத்தீவிற்குச் சென்ற கப்பலினர் வாயிலாக அச்சொல் ஐரோப்பிய மொழிகளுட் புகுந்தது. நமது 'தட்டு' என்னும் வினை இதனோடு ஒலியால் ஒத்திருத்தல் கண்டு, இரண்டும் ஓரினம் எனக் கொள்வார் உளராயின், அது பொருந்தாது. ஒலியொப்புமை ஒன்றே பற்றி உறவு கற்பித்தல் மொழிநூல் முறையன்று.

மோக்கோ இவ்விரண்டினும் ஒருவாற்றான் வேறுபட்டது. ஊசியாற் குத்திய பச்சையில் தோல் முன்போலவே வழவழப்பாயிருக்கும். பண்டை மோக்கோவிலோ தோல் உளியாற் செதுக்கப்பட்டு, வரிதோறும் பள்ளம்படும். கண்ணுக்கு மட்டுமன்றிக் கைவிரலுக்கும் அது புலனாகும். ஆகவே குத்துதல் என்னும் சொல்லினும், பொறித்தல் என்னும் சொல்லே இதற்கு ஏற்புடையது. இக்கட்டுரையில் யாம் அச்சொல்லையே ஆளுகின்றோம்.

2. நாடும் மக்களும்

மாவோரி மக்களின் முன்னோர், ஏறக்குறையப் பதின்மூன்றாம் நூற்றாண்டில், கிழக்குப் பொலினீசியத் தீவுகளினின்று பெருந்தோணிகளில் ஏறிக் கடல் கடந்து நியூஸிலாந்தை அடைந்தவர். ஏட்டில் எழுதும் வழக்கம் அவர்பால் இல்லை. ஆயினும் அவர் மறதியில் வாழ்ந்தவரல்லர். இன்ன தோணியில் வந்தவர் இன்னார், அவர் மகன் இன்னார், அவர் வழியில் வந்தவர் இன்னார் எனத் தம் கொடிவழியைப் பல தலைமுறை வரை மனப்பாடமாக ஓதும் வழக்கம் அவர்பால் உண்டு. நாவால் ஓதிய அதனையே மரத்திற் செதுக்கி ஊர் மன்றத்தின் தூண்களில் நிறுத்தினர். முகத்திற் பொறித்து மக்களிடையே நடமாடவும் செய்தனர். நா, மரம், முகம் ஆகிய மூன்றும் அவர்க்கு ஏடுகளாய் நின்றன என்னலாம்.

1769-ஆம் ஆண்டில் குக் என்பாரின் கப்பல் இந்நாட்டை அடைந்தபோது, உடன்சென்ற சிட்னி பார்க்கின்சன் என்னும் ஓவியர் மோக்கோ பொறித்த முகங்களை வரைந்தார். அவ்வோவியங்கள் ஐரோப்பா எங்கும் பரவின. கண்டோர் வியந்தனர், சிலர் அஞ்சினர். ஆயின் படித்தவர் ஒருவரும் இலர். அவர்க்கு அவை அணிகலன் போன்ற கோலங்களாகவே தோன்றின.

படிக்கத் தெரியாதார்க்கு எழுத்தும் கோலமே என்பதற்கு அந்நாட்டிலேயே நம் தமிழ்பற்றிய சான்று ஒன்று கிடைப்பது வியப்பிற்குரியது. 1836-ஆம் ஆண்டையொட்டி, வில்லியம் கொலென்சோ என்னும் கிறிஸ்தவ ஊழியர், மாவோரிப் பெண்டிர் உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்த வெண்கலப் பொருளொன்றைக் கண்டார். அது மேற்பகுதி மட்டும் எஞ்சிய ஒரு கப்பல் மணி. அதன் விளிம்பைச் சுற்றித் தமிழெழுத்துக்கள் இருந்தன. முகமதியர் ஒருவரின் பெயரைக் கூறி, அவருடைய கப்பலின் மணி இஃது என அவ்வெழுத்துக்கள் அறிவிக்கின்றன. இன்று அது வெல்லிங்டன் நகரிலுள்ள 'தே பாப்பா' என்னும் அருங்காட்சிச்சாலையில் உள்ளது. அதனைப் பயன்படுத்திய பெண்டிர்க்கு அப்பெயர் வெறும் கீறலாய்த் தோன்றியிருக்கும். அப்பெண்டிர்தம் மோவாயில் இருந்த வரிகளும் கப்பலில் வந்தார்க்கு வெறும் கீறலாகவே தோன்றின. இரு திறத்தாரிடத்தும் குறையிருந்தது எழுத்திலன்று, படிக்கும் கண்ணிலேயாம்.

3. கருவியும் செய்முறையும்

மோக்கோ பொறிப்போன் 'தொஹுங்கா' எனப்படுவான். ஒரு துறையில் முற்றத் தேர்ந்தவன் என்பது அச்சொல்லின் பொருள். அவன் கருவிக்கு 'உஹி' என்பது பெயர். அது கடற்பறவையின் எலும்பைத் தீட்டிக் கைப்பிடியிற் கட்டிய சிற்றுளி. நேர்விளிம்புடைய உளி தோலைச் செதுக்கவும், பல்விளிம்புடைய உளி மையேற்றவும் பயன்பட்டன. கவுரி என்னும் மரத்தின் பிசினை எரித்தெடுத்த கரியும், ஒருவகைப் பூசணம் பற்றி இறுகிய புழுவைச் சுட்டெடுத்த கரியும் மைக்கு உதவின. மை வைக்கும் சிமிழை வேலைப்பாடு அமையச் செய்து, தலைமுறை தலைமுறையாகப் போற்றிவந்தனர்.

மாவோரி வழக்கில் தலையே உடலுறுப்புக்களுள் மிகவும் புனிதமானது. அதனினும் தலையின் குருதி தீண்டுதற்கு அரியது. ஆதலின் பொறிக்கும் காலம் முழுதும் பொறிப்போனும் பொறிக்கப்படுவோனும் நோன்பு பூண்டாரைப்போல விலக்கப்பட்டவராய் இருப்பர். முகம் வீங்கி வாய் திறக்கவொண்ணா நிலையில், மரத்திற் கடைந்த புனலொன்றின் வழியாக நீரிய உணவு ஊட்டப்படும். நோவு தெரியாதிருக்கச் சுற்றத்தார் பாட்டிசைப்பர். தலைவன் ஒருவனின் முகம் நிறைவுறுதற்குப் பல பருவங்கள் செல்லும். பொன்னும் பணமும் இல்லாத அந்நாளில், ஆடையும் படைக்கலமும் பிறவும் தொஹுங்காவிற்குப் பரிசிலாக அளிக்கப்பட்டன.

4. கலைஞன் கேட்கும் கேள்வி

இனி, பொறிப்போனின் அறிவு எத்தகையது என்பதைக் காண்போம். அச்சிற் பதித்த கோலங்களுள் ஒன்றைக் காட்டி, இதனை எனக்கு எழுதுக என்று கேட்கும் முறை மோக்கோவில் இல்லை. ஒருவன் தொஹுங்காவிடம் சென்றால், தொஹுங்கா முதலில் எடுப்பது உளியன்று, வினா. நின் தந்தை யார், தாய் யார், நின் குலம் வந்த தோணி யாது, நின் மலை யாது, நின் ஆறு யாது, நீ செய்த செயல் யாது என்பனபோலும் வினாக்கள் எழும். அவ்வினாக்களின் விடையே கோலத்திற்குக் கருப்பொருள். ஆதலின் ஒருவனுக்கு அமைந்த மோக்கோ மற்றொருவனுக்கு அமையாது. உடன்பிறந்தார் இருவர்க்கும் ஒத்த வரிகள் பல இருக்கலாம். முழுதும் ஒத்தல் இல்லை.

முகத்தின் இடங்களுக்கும் முறைமை உண்டு. ஒருபுறம் தந்தை வழியையும் மறுபுறம் தாய் வழியையும் குறித்தல் பல குலங்களின் வழக்கம். நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்னும் ஒவ்வோரிடமும் குடிப்பிறப்பு, பதவி, ஆற்றல் முதலியவற்றுள் ஒன்றைக் குறிக்கும் என்பர். இவ்வரையறை குலத்திற்குக் குலம் வேறுபடும். ஒருபுறம் வெறுமையாய் விடப்பட்டிருப்பின், அவ்வெறுமையும் ஒரு செய்தியே. பழைய கோலங்கள் சிலவற்றில் கருமை பின்னணியாய் நிற்ப, பொறிக்கப்படாது எஞ்சிய தோலே கோலமாய் விளங்கும். சொல்லாது விட்டதனாற் பொருள் உணர்த்தும் புலவனைப் போல, எழுதாது விட்டதனாற் பொருள் உணர்த்தும் கலைஞன் அவன்.

கோலங்களுட் சிறந்தது 'கொறு' எனப்படும் சுருள். அது மண்ணினின்று முளைத்து இன்னும் விரியாது சுருண்டிருக்கும் பெரணியின் இளந்தளிர் வடிவம். முதிர்ந்த இலை வாடுங்கால் இளந்தளிர் எழுதலின், முன்னோர் மறைய வழித்தோன்றல் வளர்வதை அது குறிக்கும். கால்வழியைக் 'கொடி' என்று கூறும் தமிழர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். மீன்செதிள் போன்ற வரிசை வளத்தைக் குறிக்கும் என்றும், தொடையிற் பொறிக்கும் 'புஹோரோ' என்னும் கோலம் விரைவைக் குறிக்கும் என்றும் பொதுவாகக் கூறுப.

ஆயின் இங்கு ஒன்று நினைவுகூரத்தக்கது. இன்ன வடிவிற்கு இன்ன பொருள் என்னும் பட்டியல் கொண்டு மோக்கோவைப் படித்துவிட இயலாது. நிகண்டு ஒன்றைக் கையிற்கொண்டு செய்யுளின் பொருளை முற்றும் உணர எண்ணுவாரை யாம் அறிவோம். நிகண்டு சொற்பொருளைத் தரும். செய்யுட்பொருளைத் தருவது திணையும் துறையும், கூற்றும் கேட்போரும் ஆம். அவ்வாறே 'கொறு' என்பது பொதுச்சொல். இன்னாள் தன் முகத்தில், இன்னவிடத்து, இன்ன பாட்டியின் பொருட்டுக் கொண்ட 'கொறு' என்பதே செய்யுள்.

5. பெயரும் கையொப்பமும்

மோக்கோ ஒருவனின் பெயராகவே நின்றது என்பதற்கு வரலாற்றிற் சான்றுகள் உள. தே பெஹி குப்பே என்னும் மாவோரித் தலைவர் ஒருகால் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் இருந்தார். ஓவியர் ஒருவர் அவர் உருவத்தை வரைந்தபோது, மூக்கும் கண்ணும் ஒத்திருக்கின்றனவா என்பதினும், வரிகள் ஒவ்வொன்றும் பிழையின்றி அமைகின்றனவா என்பதிலேயே அவர் கருத்துச் செலுத்தினார். அன்றியும், கண்ணாடி நோக்காமலே தம் மோக்கோ முழுவதையும் தாளில் வரைந்து காட்டினார். தம் உடன்பிறந்தாரின் மோக்கோவையும் மகனின் மோக்கோவையும் அவ்வாறே வரைந்தார். ஐரோப்பியர் பேனாவால் தம் பெயரை எழுதுவது போல, தமக்கு இதுவே பெயர் என்பது அவர் கருத்து. கண்ணாடி வேண்டாமலே நம் கையொப்பத்தை யாம் இடுகின்றோமல்லமோ? அதனோடு ஒப்பது இது.

1815-ஆம் ஆண்டில் கிறிஸ்தவ ஊழியர்கள் ரங்கிஹோவா என்னுமிடத்துத் தம் குடியிருப்பிற்கு நிலம் வாங்கினர். அதன் விலை பன்னிரண்டு கோடரிகள். அவ்விற்பனைச் சாசனத்தில் நிலம் விற்றார் சார்பில் இடப்பட்டிருப்பது ஒரு முகத்தின் மோக்கோ. 1840-ஆம் ஆண்டு ஆங்கில முடியாட்சிக்கும் மாவோரித் தலைவர்க்கும் வைத்தாங்கியில் ஏற்பட்ட உடன்படிக்கையிலும், தலைவர் சிலர் தம் மோக்கோவின் ஒரு பகுதியையே கையொப்பமாக வரைந்தனர். இங்ஙனம் முகத்தின் வரி தாளுக்கு இறங்கிச் சட்டத்தின்முன் சான்றாயிற்று. விலாசம் என்பதற்கு 'முகவரி' என்னும் அழகிய சொல் நம்மிடையே வழங்குகின்றது. அதனை முகத்தின்கண் உள்ள வரி என விரித்தால், அச்சொல் மெய்யாகவே பொருந்துவது இம்மக்களுக்கே.

6. மதாஓராவின் கதை

இக்கலை தோன்றியவாறு கூறும் பழங்கதை ஒன்று மாவோரி மக்களிடம் வழங்குகின்றது. மதாஓரா என்னும் தலைவன், கீழுலகத்தினின்று வந்த நிவரெக்கா என்பாளை மணந்தான். ஒருநாள் பொறாமையால் அறிவிழந்து அவளை அடித்தான். அடித்தல் என்பதையே அறியாத உலகிற் பிறந்தவளாதலின், அவள் தன் தந்தையின் நாட்டிற்கே மீண்டாள். மதாஓரா வருந்தி அவளைத் தேடிக் கீழுலகம் சென்றான். அங்கே அவள் தந்தையாகிய உஎதொங்கா ஒருவன் முகத்தில் மோக்கோ பொறித்துக்கொண்டிருந்தான். மதாஓராவின் முகத்திலும் கோலம் இருந்தது. ஆனால் அது மேற்பூச்சு. உஎதொங்கா தன் கையால் அதனைத் துடைத்தான், கோலம் அழிந்தது. சூழ நின்றோர் நகைத்தனர்.

நாணிய மதாஓரா, எனக்கும் அழியாப் பொறி இடுக என வேண்டினான். உளி இறங்கிய நோவில் அவன் மனைவியின் பெயர் சொல்லிப் பாடினான். அது கேட்டு நிவரெக்கா வந்து அவனைப் பேணினாள். இருவரும் மேலுலகிற்கு மீள விரும்பியபோது, மேலுலகின் கொடுமையை விடுத்துக் கீழுலகின் அமைதியைக் கைக்கொள்வதாக உறுதி கூறிய பின்னரே உஎதொங்கா விடைகொடுத்தான். மோக்கோவும், நிவரெக்கா கொணர்ந்த நெசவுக்கலையும் அவ்விருவர் வழியாக மண்ணுலகில் பரவின என்பது கதை.

இக்கதையில் யாம் உற்றுநோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, பூச்சிற்கும் பொறிக்கும் உள்ள வேற்றுமை. மற்றொன்று, முதல் மோக்கோ வெற்றிக்கு அடையாளமாக அன்றித் திருந்திய வாழ்விற்கு அடையாளமாகப் பெறப்பட்டது என்பது. துடைத்தால் அழியும் கோலத்தோடு சென்றவன், துடைத்தாலும் அழியாச் சொல்லோடு மீண்டான்.

7. தலைக்கு விலை

பூச்சு பொய், பொறி மெய் என்று அமைதியுறுவோமாயின் அதுவும் பிழையாம். அழியாது நிற்பதனால் மட்டும் ஒன்று மெய்யாகிவிடாது என்பதை வரலாறு மிகக் கொடியவாறு காட்டுகின்றது.

இறந்த தலைவரின் தலையைப் பதம் செய்து, குடும்பத்தார் அன்போடு பாதுகாத்தல் மாவோரி வழக்கம். துயர் நாட்களில் அதனை வெளியிற் கொணர்ந்து, உயிரோடு இருப்பாரிடம் பேசுவதுபோல் பேசி அழுவர். பகைவரின் தலையைப் பதம் செய்தலும் உண்டு. 1770-ஆம் ஆண்டில் குக் என்பாரின் கப்பலில் இருந்த ஜோசப் பாங்க்ஸ் அத்தகைய தலையொன்றை விலைக்குப் பெற்றார்; அதற்கு அவர் கொடுத்தது பழைய துணிக்காற்சட்டை ஒன்றே. பின்னர்த் துப்பாக்கி அந்நாட்டிற் புகுந்தது. துப்பாக்கி உடைய குலம் இல்லாத குலத்தை அழிக்கத் தொடங்கவே, துப்பாக்கி பெறுதல் உயிர்ப்பிரச்சினை ஆயிற்று. ஐரோப்பிய வணிகரோ மோக்கோ பொறித்த தலைகளை விரும்பினர். தலை கொடுத்துத் துப்பாக்கி பெறும் வாணிகம் இவ்வாறு எழுந்தது.

விற்றற்குத் தலைவர்தம் தலைகள் போதாவாயின. அதனால் போரிற் சிறைப்பட்ட அடிமைகளின் முகத்தில் விரைவாக மோக்கோ பொறித்து, அவர்களைக் கொன்று, தலையை விற்கும் கொடுமை நிகழ்ந்தது. 1831-ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் இவ்வாணிகத்தைத் தடைசெய்தார்.

இவ்விடத்துச் சிறிது நின்று எண்ணுதல் தகும். அவ்வடிமையின் முகத்திற் செதுக்கியதும் அதே உளி. ஏற்றியதும் அதே கரி. சுழித்ததும் அதே சுருள். வாங்கியவர் கண்ணுக்கு வேறுபாடு சிறிதும் தோன்றியிராது. ஆயின் அம்முகத்தின் முன் நின் தந்தை யார், தாய் யார் என்னும் வினா எழவேயில்லை. தன் குலத்தினின்று பிரிக்கப்பட்டவன் முகத்தில், எவர் குலத்தையும் கூறாத வரிகள். வடிவம் முழுதும் இருந்தும் பொருள் முழுதும் போயிற்று. எனவே மோக்கோவின் பொருள் உளியிலும் இல்லை, கரியிலும் இல்லை, வடிவிலும் இல்லை. கேட்கும் கலைஞனுக்கும் விடையளிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள அந்த வினாவில் அது நிற்கின்றது.

இத்தலைகளிற் பல ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாடுகளின் காட்சிச்சாலைகளை அடைந்தன. 1896-ஆம் ஆண்டில் மோக்கோவைப் பற்றி நூல் எழுதிய ரோப்லி என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் தாமே முப்பதிற்கும் மேற்பட்ட தலைகளைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றுட் பெரும்பாலன நியூயார்க் நகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலைக்கு விற்கப்பட்டன. 2003-ஆம் ஆண்டு முதல் நியூஸிலாந்து அரசின் ஆதரவில் 'தே பாப்பா' காட்சிச்சாலை தம் முன்னோரை மீட்கும் பணியை மேற்கொண்டது. 2011-ஆம் ஆண்டில் பிரான்சின் ரூவான் நகரத்தார், அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்ட பின்னர், தம்மிடமிருந்த தலையைத் திருப்பியளித்தனர். 2014-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து 35 தலைகள் தாய்நாடு மீண்டன. அவை வந்தபோது பண்டங்களாக இறக்கப்படவில்லை. நீண்ட பயணம் சென்ற பெரியோரை எதிர்கொள்ளும் முறையில், அழுகையோடும் பாட்டோடும் எதிர்கொள்ளப்பட்டன.

8. தடையும் மங்கையர் பொறுமையும்

கிறிஸ்தவ ஊழியர்கள் மோக்கோவை விரும்பவில்லை. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் உடலில் எழுத்துக் குத்திக்கொள்ளலாகாது என்னும் கட்டளை இருத்தலே அதற்குக் காரணம். 1835-ஆம் ஆண்டின் இறுதியில் வைமாத்தே என்னும் ஊரில் இருந்த ஊழியர் குடியிருப்பைக் கண்ட சார்ல்ஸ் டார்வின் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். தம் வீட்டில் வேலை செய்த மாவோரிப் பெண்கள் பொறி இட்டுக்கொள்ளலாகாது என ஊழியர் மனைவியர் எவ்வளவோ அறிவுறுத்தினராம். ஆயினும் தென்னாட்டினின்று பெயர்பெற்ற தொஹுங்கா ஒருவன் வந்துவிடவே, இதழில் சில வரிகளேனும் வேண்டும், இல்லையேல் முதுமையில் இதழ் சுருங்கி அழகு கெடும் என அப்பெண்கள் கூறினராம். ஊழியர் அக்காலத்தில் அம்மக்களுக்குப் பள்ளியும் எழுத்தும் அச்சும் தந்தனர் என்பதும் உண்மை. முகத்திலிருந்த எழுத்தைப் படிக்க முயன்றிலர் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருங்கே ஒப்புதலே நடுவுநிலை.

அக்கட்டளையைப் பற்றி ஒன்று கூறலாம். அவ்வசனம் செத்தவர்க்காகச் சதையைக் கீறிக்கொள்ளும் பிறநாட்டார் வழக்கத்தோடு சேர்த்தே இதனைக் கூறுகின்றது. அதே திருமறையில் கடவுள் தம் நகரைத் தம் உள்ளங்கைகளில் வரைந்துள்ளார் என ஏசாயா கூறுவதும் உண்டு. ஆகவே உடலில் எழுதுதல் என்ற ஒன்றையே பிரித்தெடுத்து நோக்காது, எதற்காக எழுதுகின்றனர், யார் நினைவாக எழுதுகின்றனர் என ஆராய்வது தகுதியாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆடவர் மோக்கோ பொறித்துக்கொள்வது அருகிற்று. 1907-ஆம் ஆண்டில் தொஹுங்காக்களை அடக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மருத்துவம் செய்வாரையும் வருவது உரைப்பாரையும் கருதியே அது எழுந்ததெனினும், மரபறிவுடையார் அனைவரையும் ஐயத்தோடு நோக்கும் நிலையை அது வளர்த்தது. 1962-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இவ்விருண்ட காலத்தில் கலையை அழியாது காத்தவர் மங்கையரே. இதழிலும் மோவாயிலும் பொறிக்கும் 'மோக்கோ கவாயே' என்பதை அவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் விடாது கொண்டனர். எலும்புளிக்கு மாறாக ஊசி வந்தது. முறை மாறினும் பொருள் மாறவில்லை. 1972-ஆம் ஆண்டில் மைக்கேல் கிங் என்பார் எழுத, மார்ட்டி பிரீட்லாண்டர் என்னும் அம்மையார் நிழற்படம் எடுத்து வெளியிட்ட நூலில், அம்மூதாட்டியர் முகங்கள் இடம்பெற்றன. ஒரு மரபின் இறுதி ஏடுகள் இவை என அன்று பலரும் கருதியிருத்தல் கூடும்.

9. அண்மைக் காலத்துக் கைவேலை

ஆயின் அவை இறுதி ஏடுகளாகவில்லை. 1980-ஆம் ஆண்டுகளில் மாவோரி மொழி புத்துயிர் பெற்றது. 1982-இல் குழந்தைகளுக்கு அம்மொழியிலேயே கற்பிக்கும் 'மொழிக்கூடுகள்' தோன்றின. 1987-இல் அது நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. நாவின் எழுத்து மீண்டபோது முகத்தின் எழுத்தும் மீண்டது. இளங்கலைஞர் பலர் முன்னோர் தலைகளையும் பழைய ஓவியங்களையும் மரச்சிற்பங்களையும் ஆராய்ந்து இக்கலையைக் கற்றனர். 2000-ஆம் ஆண்டில் 'தே உஹி அ மதாஓரா' எனக் கலைஞர் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. மதாஓராவின் உளி என்பது அப்பெயரின் பொருள். இன்று பெரும்பாலோர் மின்பொறியைப் பயன்படுத்துகின்றனர். சிலர் உளியையும் மீண்டும் கைக்கொண்டுள்ளனர். கலைஞருட் பெண்டிரும் உளர்.

இக்காலக் கலைஞர்தம் முறையில் பழைய வினா மாறாது நிற்கின்றது. முகத்திற் பொறி வேண்டுவோர் பெரும்பாலும் தம் குடும்பத்தாரின் ஒப்புதலோடு வருவர். கொடிவழி பேசப்படும். பின்னர்க் கலைஞர் முகத்தின் எலும்பும் தசையும் செல்லும் போக்கிற்கேற்ப வரிகளை அம்முகத்தின் மீதே கையால் வரைந்து பார்ப்பர். சுற்றத்தார் சூழ்ந்திருந்து வாழ்த்தியும் பாடியும் கையைப் பற்றியும் நிற்பர். வேலை முடிந்தவுடன், புதியதொன்று சேர்ந்தது என அவர் கூறுவதில்லை. உள்ளே இருந்தது வெளிப்பட்டது என்றே கூறுவர். அவ்வம்மையின் பாட்டி முகத்தில் இருந்து, தாய் முகத்தில் இல்லாது போய், பேர்த்தி முகத்தில் மீண்ட வரியை அவர் வேறெங்ஙனம் கூறுவர்?

2016-ஆம் ஆண்டில் நானையா மஹூத்தா என்னும் அம்மையார் மோக்கோ கவாயே பொறித்துக்கொண்டார். அந்நாட்டுச் சட்டமன்றத்தில் அதனோடு அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 2020-ஆம் ஆண்டு முதல் 2023-ஆம் ஆண்டு வரை வெளிநாட்டு அமைச்சராக அவர் உலக அவைகளில் நின்றார். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரீனி கைபாரா என்னும் அம்மையார் மோக்கோ கவாயேயோடு நாட்டின் முதன்மையான மாலைத் தொலைக்காட்சிச் செய்தியை வாசித்தார். ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்ணின் இதழில் ஆகாது என்று தடுக்கப்பட்ட வரி, இன்று நாட்டின் பெயராற் பேசும் இதழில் விளங்குகின்றது.

மாவோரி அல்லாதார் இக்கோலங்களை விரும்பினால் என் செய்வது? இதற்கும் இக்கலைஞர் ஒரு விடை கண்டுள்ளனர். அவ்வடிவங்களின் சாயலில், ஆயின் எவர் கொடிவழியையும் எடுத்தாளாது எழுதும் கோலத்திற்குக் 'கிரிதுஹி' எனப் பெயர் வழங்குகின்றனர். தோல்மேல் எழுத்து என்பது அதன் பொருள். அழகு வேண்டுவார்க்கு அழகு கிடைக்கும். பிறர் முன்னோரைக் கவரும் பிழையும் நேராது. மோக்கோ என்பதும் கிரிதுஹி என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். ஒன்றன் பின் குலம் நிற்கின்றது. மற்றொன்றன் பின் விருப்பம் நிற்கின்றது. பெயரை வேறுபடுத்தியதனால் இரண்டும் நேர்மையுற்றன.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மோக்கோ என்பது அணியன்று, எழுத்தே என்பதும், அவ்வெழுத்தின் ஆசிரியன் தொஹுங்கா ஒருவனல்லன், அவனும் பொறிக்கப்படுவோனும் அவன் சுற்றமும் கூடியே அதனை இயற்றுகின்றனர் என்பதும் விளங்கும். வடிவம் ஒன்றாயிருந்தும், வினா எழுந்தவிடத்து அது பெயராயிற்று. வினா எழாதவிடத்து விலைப்பொருளாயிற்று.

தமிழ் கற்கும் நமக்கு இதனால் ஆவது யாது எனின், கூறுதும். கல்வெட்டுப் படியையும் ஏட்டுச் சுவடியையும் கையிலெடுக்கும் மாணவன் வடிவழகில் மயங்கி நின்றுவிடுதல் எளிது. இதனை எழுதுவித்தார் யார், யார் பொருட்டு எழுதினர், யார் படிக்க எழுதினர் என வினவிய பின்னரே எழுத்து வாய் திறக்கும். கடல் கடந்து சென்ற கப்பல் மணி ஒன்று, படிப்பாரைப் பெறாது அடுப்பின்மேல் இருந்தது. கடல் கடந்து சென்ற தலைகள், படிப்பாரைப் பெறாது கண்ணாடிப் பேழையுள் இருந்தன. இன்று மணியின் எழுத்தும் படிக்கப்பட்டது. தலைகளும் தம்மைப் படிப்பாரிடம் மீண்டன. இன்னும் மீளாதன உள. அவையும் தத்தம் முகவரியை நாடி விரைவில் வந்து சேர்வனவாக!